சர்வர் வச்ச மவராசனுக்கு

ஏலே மக்கா, வீட்டுல மீடியா சர்வர் வச்சிருக்கேன்னு தெருத்தெருவா சொல்லிக்கிட்டுத் திரியுதியாமே. நல்லது. முன்ன டிவி வச்சிருந்தவன் பெரிய மனுசன். இப்பம் சர்வர் வச்சிருக்கவன் போல. இருந்துட்டுப் போ. ஆனா ராத்திரி பூரா அந்தப் பெட்டி ஒறங்க மாட்டேங்கு, ஹைபர்நேட் ஆவ மாட்டேங்குன்னு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து நிக்கியே, அதத்தான் கேக்கேன். கேக்கவனுக்கெல்லாம் வேளை பாக்காம படம் எடுத்துக் குடுக்கதுக்குத்தானே அத வேலைக்கு வச்சே? அப்புறம் முழிச்சிருக்குன்னு சடைச்சா எப்படிலே?

சரி, என்ன வைத்தியம் பாத்தே? விண்டோஸ அழிச்சுட்டு மறுபடியும் ஏத்தியாச்சு. புது எஸ்எஸ்டி வாங்கியாச்சு. உள்ள ஓடுத ஃபேனுக்குக் கலர் கலரா லைட்டு வேற. எதுக்குலேன்னா காத்தோட்டத்துக்காம். வெளிச்சத்துல காத்து கூட வருமோ?

வெண்ணெயக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையாதடே. ஒறங்க விடாம பண்ணுதது யாருன்னு அந்தப் பெட்டிக்கே தெரியும். நீ கேக்கல, அது சொல்லல. கமாண்ட் பிராம்ப்ட்ட அட்மினிஸ்ட்ரேட்டரா திற. பவர்சிஎஃப்ஜின்னு அடி, ஒரு இடம் விடு, சாய்வுக்கோடு போட்டு ரிக்வெஸ்ட்ஸ்னு அடி. டிஸ்ப்ளே, சிஸ்டம், அவேமோடுன்னு வரிசையா வந்து விழும். எதுக்குக் கீழ ‘நன்’னு இருக்கோ அங்கன வம்பு இல்ல. எங்கன ஒரு பேரு நிக்கோ, அவன்தான் ஆளு. லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆன கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. லோடு எங்கன இழுக்குன்னு தேடுததுதானலே எங்க பொழப்பு?

கடையடைக்கப் போற நேரத்துல டீக்கடை பெஞ்சுல ஒருத்தன் காலி கிளாஸக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாம் பாரு. மாஸ்டரால பாய்லர அணைக்கவும் முடியாது, எந்திரிச்சுப் போன்னு சொல்லவும் முடியாது. உன் பெட்டியில அப்படி உக்காந்திருக்கவன் பேரு அநேகமா எஸ்ஆர்விநெட். அவன் பேருக்குக் கீழயே காரணமும் எழுதியிருக்கும், வெளியாளு ஒருத்தர் இப்பம்தான் இந்தக் கம்ப்யூட்டர்கிட்ட என்னமோ கேட்டாருன்னு. யாருலே அந்த வெளியாளு? உங்க பட்டாசல்ல தொங்குத டிவிதான். நீ ரிமோட்ட அமுக்கிட்டு மச்சுல போய்ப் படுத்துட்டே. அது படுத்துச்சா? அதுவோ, அது முதுகுல சொருகியிருக்க குச்சியோ, உன் போன்ல கெடக்க ஆப்போ, ஃபோல்டர்ல புதுப்படம் எதும் வந்திருக்கான்னு எட்டி எட்டிப் பாத்துக்கிட்டே கெடக்கும். ஒவ்வொருக்க எட்டிப் பாக்கும்போதும் பெட்டி கணக்க முதல்ல இருந்து ஆரம்பிக்கும். பொறவு எங்கன ஒறங்க?

சில நேரம் வேற பேரு நிக்கும். ஆடியோ ஸ்ட்ரீம் ஓடுதுன்னு இருந்தா, எங்கயோ ஒரு பாட்ட பாதியில விட்டுட்டு வந்திருக்கேன்னு அர்த்தம். சர்வர் பேரே நின்னா, அது யாருக்கோ படத்த மாத்தி அனுப்பிக்கிட்டு இருக்கும். அப்பம் அத ஏசாத.

இப்பம் கண்ட்ரோல் பேனலுக்குப் போ. பவர் ஆப்ஷன்ஸ்ல அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். மல்டிமீடியான்னு ஒரு கெளை உண்டு. மீடியா ஷேர் பண்ணும்போது என்ன செய்யன்னு அங்கன கேட்டிருக்கும். பதில் மூணு. ஒறங்கவே கூடாது, ஒறங்கலாம், அவே மோடு. நீ மூணாவதத்தான் வச்சிருப்பே, பேரு ஸ்டைலா இருக்குல்லா? அந்த மோடுல திரை அணையும், சத்தம் அடங்கும், உள்ள மட்டும் எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும். தூங்குறவன எழுப்பலாம், தூங்குற மாதிரி நடிக்கிறவன எழுப்ப முடியாதும்பாங்க. நீ காசு குடுத்து நடிகன வாங்கி வச்சிருக்கே. ரெண்டாவதுக்கு மாத்து.

அப்பவும் எஸ்ஆர்விநெட் அடங்கலன்னா, அதே பவர்சிஎஃப்ஜில ரிக்வெஸ்ட்ஸ்ஓவர்ரைடுன்னு ஒண்ணு இருக்கு. இவன் பேச்ச இனிமே கேக்காதன்னு எழுதி வச்சுரலாம். ஆனா யோசிச்சுச் செய்யி. ஷேர் பண்ணுன ஃபோல்டர்லருந்து உங்க ஆச்சி நிஜமாவே படம் பாத்துக்கிட்டு இருப்பா. க்ளைமாக்ஸ்ல பெட்டி கண்ண மூடிரும். அப்புறம் உன் கத என்ன ஆவும்?

ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காத. இந்தத் தடையெல்லாம் பெட்டி தானா ஒறங்கப் போறதுக்குத்தான். நீயே போய் ஹைபர்நேட்ட அமுக்குனா யாரு சொல்லையும் கேக்காம அது போயிரும். ராம்ல உள்ளத ஹைபர்ஃபில்னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சுட்டு, சுத்தமா அணைஞ்சுரும். மெனுவுல அந்தப் பேரே இல்லையா? பவர் பட்டன் செட்டிங்ஸ்ல ஒரு டிக் போட்டா வந்துரும். படம் முடிஞ்சதும் மச்சுக்குப் போற வழியில ஒரு அமுக்கு. அதுக்கு ஒடம்பு வளையல. அந்த ஒரு அமுக்கத் தவிர்க்கத்தான் இத்தன எழவும் பண்ணியிருக்கே.

காலையில எவன் எழுப்புவாம்னு கேப்பே. அதுக்கும் வழி வச்சிருக்கான். மேஜிக் பாக்கெட்டுன்னு பேரு. மந்திரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எஃப்எஃப்ங்கிற பைட்டு ஆறு தடவ, அப்புறம் உன் நெட்வொர்க் கார்டோட மேக் அட்ரஸ் பதினாறு தடவ. மொத்தம் 102 பைட்டு. போன்லருந்து அனுப்புனா ஸ்லீப்லருந்தும் எழும்பும், ஹைபர்நேட்லருந்தும் எழும்பும். மதர்போர்டும் பயாஸும் ஒத்துக்கணும், வைஃபைய நம்பாம வயரப் போடு. டிவைஸ் மேனேஜர்ல மேஜிக் பாக்கெட் வந்தா மட்டும் எழுப்புன்னு ஒரு டிக் இருக்கும், அத விட்றாத. விட்டா நெட்வொர்க்ல போற வாற தூசி துரும்பெல்லாம் எழுப்பிவிடும். நடுச்சாமத்துல தானா எழும்பி உக்காந்திருந்தா பவர்சிஎஃப்ஜி லாஸ்ட்வேக் அடி, எழுப்புனது யாருன்னு சொல்லும்.

உன் சர்வர் ப்ளெக்ஸுன்னா அதுக்கு வீட்டு வேல பாக்க நேரம் ராத்திரி 2 மணிலருந்து 5 மணி வர. போஸ்டர் தேடும், லிஸ்ட்ட அடுக்கும். நீ ஒறங்க வச்சுட்டா அதெல்லாம் யாரு பாப்பா? நேரத்த சாயங்காலத்துக்கு மாத்திக்கோ, செட்டிங்ஸ்லயே இருக்கு.

இதுல கரண்டு கணக்கு வேற. பெட்டி சும்மா நின்னு 50 வாட்டு இழுக்குன்னு வச்சுக்கோ. ரெண்டு மாசம், 60 நாளு, ராப்பகலா ஓடுனா 72 யூனிட்டு. உங்கப்பனுக்கு சர்க்கார் ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் யூனிட்டு ஃப்ரீயாக் குடுக்கு. அதுல நல்ல பங்க, யாரும் பாக்காத படத்துக்குக் காவல் காக்கதுக்கு அந்தப் பெட்டி தின்னுட்டுப் போவுது. அத்தன டெராபைட்டு சேத்து வச்சிருக்கியே, தெனம் நீ போட்டுப் பாக்கது அதே வடிவேலு காமெடிதானலே?

சரி, போய் அந்தக் கறுப்பு ஜன்னலத் திறந்து என்ன பேரு நிக்குன்னு பாத்துட்டு வா. எஸ்ஆர்விநெட்னு வந்தா டிவிய பிளக்கோட புடுங்கிப் போட்டுட்டு இன்னொருக்க அடிச்சுப் பாரு. புடுங்குறதுக்கு முன்ன ஆச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ, சீரியல் நேரம்.