இன்னும் காயவில்லை

அசோக் நகரின் பழைய அடுக்ககங்களில், காலை ஆறரை மணி முதல் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒலிக்கும் "இன்னும் காயலை" என்ற இரு சொற்களைக் கேட்டுப் பழகாத குடும்பங்கள் இனி அரிதாகவே இருக்கும். காயாதது துணியன்று, வற்றலுமன்று, முகம். முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சீரம் பூசி, ஒவ்வொரு பூச்சும் காயும்வரை அடுத்த பூச்சுக்குக் காத்து நிற்கும் இவ்வகையினரை, வேறு பெயர் வழக்கில் இல்லாமையால், அடுக்குவோர் என்று குறிப்பது பொருந்தும். இவர்கள் பெரும்பாலும் நாற்பதைக் கடந்தவர்களாகவும், வங்கிப் பணியில் இருப்பவர்களாகவும், பதினொன்றாம் அவென்யூவை ஒட்டிய தெருவொன்றில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில், குளியலறை ஒன்றே உள்ள வீட்டில், கணவர், மாமனார், மாமியார், கல்லூரிப் படிப்புக்காக வந்து தங்கியிருக்கும் நாத்தனார் மகள் ஆகியோருடன் வசிப்பவர்களாகவும் காணப்படுகின்றனர். இப்பொதுமைக்குச் சான்று ஒன்றே எனினும், அச்சான்று நாள் தவறாமல் கிடைக்கிறது.

சீரம் என்பது நீர்போல் ஓடும் மெல்லிய பூச்சு. தோலின்மேல் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்வதற்கென்று ஏதேனும் ஒரு வேதிப்பொருள் அதில் கூடுதலாகக் கரைக்கப்பட்டிருக்கும், அப்பொருளை விற்போரும் வாங்குவோரும் 'ஆக்டிவ்' என்பர். பி3 வைட்டமினின் ஒரு வடிவமான நியாசினமைடு, கரும்பிலும் காணப்படுவதும் தோலின் மேற்பரப்பில் இறந்த செல்களின் பிடிப்பைத் தளர்த்தி உதிர்ப்பதுமான கிளைகாலிக் அமிலம், எண்ணெயில் கரைவதால் துளைகளுக்குள் இறங்கும் சாலிசிலிக் அமிலம், ஏ வைட்டமின் குடும்பத்து ரெட்டினால் ஆகியவை இவற்றுள் பெயர்பெற்றவை. உதயம் திரையரங்க வளாகத்தில் சூரியன் என்றும் சந்திரன் என்றும் அரங்குகள் இருந்ததை அசோக் நகரார் மறந்திருக்க மாட்டார்கள். வளாகம் மூடப்பட்ட பின்னும் அப்பெயர்கள் இக்குளியலறை அலமாரியின் இரு தட்டுகளில் வாழ்கின்றன, ஏனெனில் காலைக்கு உரிய ஆறு பாட்டில்களும் இரவுக்கு உரிய ஐந்தும் ஒன்றை ஒன்று பார்க்கக்கூடாது என்பது அடுக்குவோரின் கொள்கை.

ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே இவர் விடும் இடைவெளி இருபது நிமிடம். இக்கணக்கு வானத்திலிருந்து விழுந்ததன்று. ஏ வைட்டமின் வழிவந்த ட்ரெட்டினோயின் என்னும் அமிலம் முகப்பருவைத் தணிக்கும் என்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆல்பர்ட் கிளிக்மனும் அவருடைய குழுவினரும் 1969இல் எழுதினர்; 1971இல் அது அந்நாட்டில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. ஈரத் தோலில் பூசினால் எரிச்சல் மிகும் என்பதால், முகம் கழுவியபின் 20 முதல் 30 நிமிடம் உலரவிட்டுப் பூசுமாறு அம்மருந்தோடு வரும் குறிப்பில் அச்சிட்டனர். ஒரு மருந்துக்கு, முகம் கழுவியபின் ஒரு முறை என்றிருந்த அந்தக் கட்டளையை அடுக்குவோர் பன்னீர் உட்பட எல்லாப் பாட்டிலுக்கும் விரித்துவிட்டார். வயிற்றுக் கோளாறுக்கு மருத்துவர் சொன்ன மோர்ச்சோற்றுப் பத்தியத்தைக் கல்யாணப் பந்தியிலும் விடாதவர் இவருக்கு உறவு.

ஆறு பாட்டிலுக்கு ஐந்து இடைவெளி, இடைவெளிக்கு இருபது நிமிடம் என்றால் நூறு நிமிடம். இந்த நூறு நிமிடமும் இவர் குளியலறைக்குள்ளேயே இருப்பதில்லை என்பதும், இருப்பதில்லையாயினும் குளியலறை பிறருக்குக் கிடைப்பதில்லை என்பதும் சேர்த்துக் கருதத்தக்கவை. பேருந்து இருக்கையில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பதுபோல் கதவுக் குமிழில் துண்டைத் தொங்கவிட்டுவிட்டு, ஐந்தாம் எண்ணில் சுழலும் கூடத்து மின்விசிறிக்கு நேர்கீழே வந்து, முகத்தை மேல்நோக்கி உயர்த்தி, கண்களை மூடி, வரம் கேட்பவர்போல் நிற்பார். பூச்சு சுருங்கிவிடும் என்பதால் அந்நேரத்தில் சிரிப்பதில்லை. உதடு பிரித்துப் பேசுவதும் இல்லை, ஆகவே "இன்னும் காயலை" என்பது பல்லிடுக்கு வழியே "இன்னுங்காயல" என்று வெளிப்படும். அடுப்பின் ஆவி ஆகாதாகையால் சமையலறை எல்லை மூடப்பட்டுவிடுகிறது; சாம்பாரை மாமியார் இறக்குவார். கூரியர் கொண்டுவந்தவர் கேட்கும் கடவு எண்ணைக் கதவின் சங்கிலி இடுக்கு வழியே, ஒரு கண்ணும் அரைக் கன்னமும் மட்டும் தெரிய, விரல்களால் காட்டுவார். புதிதாக வந்த ஒருவர் பொட்டலத்தை வாசலிலேயே வைத்துவிட்டு இரண்டு படிகளை ஒரே தாவலில் தாண்டி இறங்கியதாகக் கீழ்வீட்டில் சொல்கின்றனர். துண்டு தொங்கும் கதவைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் மாமனார், தலைப்புச் செய்தி, விளையாட்டு, நீத்தார் அறிவிப்பு ஆகியவற்றை முடித்து, வரிவிளம்பரப் பக்கத்தில் மனை விற்பனைக்கு வந்துள்ள ஊர்களையெல்லாம் மனப்பாடமாக அறிந்தவராகிவிட்டார்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலைமை மோசமாகும். வடகிழக்குப் பருவமழைக் காற்றில் சென்னையில் மொட்டைமாடித் துணியே மூன்று நாளாகியும் காயாதபோது முகம் எவ்வாறு காயும் என்ற வினா எழுகிறது. இருபது நிமிடம் முப்பதாகிறது, மின்தடை நேர்ந்தால் பனையோலை விசிறி வெளியே வருகிறது. ஏழரை முதல் ஒன்பது வரை முகூர்த்தம் குறித்த திருமணங்களுள் இவர் தாலி கட்டும்போது இருந்தவை உறவினர் நினைவில் ஒன்றுமில்லை, மூன்றாம் பந்தியில் இருக்கத் தவறியதும் ஒன்றுமில்லை. இதனினும் வியப்புக்குரியது ஹயலூரானிக் அமிலம் என்னும் ஈரம் பிடித்துவைக்கும் பொருளின் முறை வரும்போது நடப்பது. ஈரத் தோலில் பூசுமாறு அப்பாட்டிலின்மேல் எழுதியிருப்பதால், இருபது நிமிடம் பாடுபட்டுக் காயவைத்த முகத்தின்மேல் பன்னீரைத் தெளித்து நனைத்து, அதைப் பூசி, மீண்டும் விசிறியடிக்கு வருவார். நீர்த்த சீரம் ஓரிரு நிமிடத்தில் தோலில் படிந்துவிடும் என்றும், மெல்லியதை முன்னும் கெட்டியானதைப் பின்னும் பூசினால் போதும் என்றும் தோல் மருத்துவர்கள் கூறுவதை இவர் மறுப்பதில்லை. "அவங்களுக்கு என்ன, ஒரு நாளைக்கு நூறு முகம்; எனக்கு இருக்கறது ஒண்ணு" என்பார்.

இத்துணைப் பொறுமை உள்ளவரிடம் பொறுமை வேண்டிய இடத்தில் அது இல்லாமற்போவதே புரியாத செய்தி. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே புதிய பூச்சு ஒன்றை முதலில் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ சில நாள் பூசிப் பார்த்து, பிறகு தனியே முகத்தில் தொடங்கி, சில வாரம் கழித்தே அடுத்ததைச் சேர்த்தால்தான் எது உதவியது, எது எரித்தது என்று தெரியும். ரெட்டினாலையும் கிளைகாலிக் போன்ற அமிலங்களையும் ஒரே இரவில் கூட்டாமல் இரவு மாற்றி இரவு வைப்பது நல்லது. கருவுற்றிருப்போர் ரெட்டினால் வகையை அறவே விட்டுவிட வேண்டும். இருபது நிமிடத்தைக் கடிகாரம் வைத்துக் காக்கும் அடுக்குவோரோ, தள்ளுபடி விற்பனையில் மூன்று பாட்டில் வந்திறங்கினால் மூன்றையும் அன்றிரவே, முறைப்படி இருபது நிமிட இடைவெளி விட்டு, தொடங்கிவிடுவார்.

எதனோடு எது சேரும் என்பதில் இவர் பத்துப் பொருத்தம் பார்க்கும் சோதிடரினும் கறாரானவர், ஆனால் பஞ்சாங்கம் பழையது. நியாசினமைடும் வைட்டமின் சியும் சேர்ந்தால் முகத்தைச் சிவக்கவைக்கும் நிகோட்டினிக் அமிலம் பிறக்கும் என்று அஞ்சி அவ்விரண்டுக்கும் நடுவே மட்டும் இடைவெளியை இரட்டிப்பாக்குகிறார். கடும் வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால் நிகழக்கூடிய அம்மாற்றம் மின்விசிறிக்குக் கீழே நிற்கும் முகத்தில் பொருட்படுத்தும் அளவில் நிகழ்வதில்லை. பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு பழைய வகை ட்ரெட்டினோயினைச் சிதைக்கும் என்பது மெய்; அதே குடும்பத்து அடாப்பலின் அதனோடு ஒரே குழாயில் குடித்தனம் நடத்துமாறு அமைத்த மருந்துக்கு 2008இலேயே அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது என்பதும் மெய்யே. நியாசினமைடைப் புதிய கண்டுபிடிப்பாகக் கொண்டாடும் இவர், மாமியார் ஒரு காலத்தில் பூசிய ஃபேர் அண்ட் லவ்லியை எள்ளாத நாளில்லை. 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்து, நிறவெறிக்கு எதிரான குரல்கள் உயர்ந்த 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை இழந்த அக்களிம்பு செய்த விளம்பரங்கள் எள்ளத்தக்கவைதாம். அதன் முதன்மைப் பொருளும் நியாசினமைடுதான் என்று அவரிடம் சொல்ல வீட்டில் எவருக்கும் துணிவில்லை.

மாமியாரின் குளியல் பொடி தனிக் கதை. பயத்தம்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர் ஆகியவற்றோடு கார்போகரிசி என்னும் கரிய விதையையும் எம்.ஜி.ஆர். நகர்ச் சந்தைப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் வாங்கி அரைத்து வைத்திருக்கிறார். பூசிக் கழுவ அவருக்கு இரண்டு நிமிடம் ஆகிறது. "இந்தக் காலத்துல யாராவது இதைத் தேய்ப்பாங்களா அத்தை" என்று கேட்ட மருமகள், ரெட்டினால் முகத்தை உரித்துவிட்ட ஒரு மாதத்தில், அதற்கு மாற்றாகப் பாகுசியால் என்னும் பொருள் கலந்த சீரத்தை வாங்கினார். கார்போகரிசிக்கு வடமொழியில் பாகுசி என்று பெயர். அவ்விதையிலிருந்து எடுக்கப்படுவதே பாகுசியால். 44 பேரிடம் 12 வாரம் நடந்த ஓர் ஆய்வில் அது ரெட்டினாலுக்கு ஈடாகச் சுருக்கத்தையும் கருமையையும் குறைத்து, உரிதலையும் எரிச்சலையும் குறைவாகவே தந்தது. மாமியார் இதை அறிந்த நாளில் ஒன்றும் சொல்லவில்லை, பொடி டப்பாவை மட்டும் சந்திரன் தட்டில் கொண்டுபோய் வைத்தார். அவருடைய வெற்றியும் முழுமையானதன்று, ஏனெனில் முழு விதையில் சோராலென் என்னும் பொருளும் உள்ளது. அது தோலில் தங்கிய நிலையில் வெயில் பட்டால் தோல் வெந்து கருக்கும், பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய பாகுசியாலில் அது நீக்கப்பட்டிருக்கும்.

வெயில் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு, அதில் நகைப்பதற்கு எதுவுமில்லை. கிளைகாலிக் முதலிய அமிலங்கள் தோலை வெயிலுக்கு எளிதில் இரையாக்குகின்றன என்பதால், அவற்றோடு சன்ஸ்கிரீன் பூச வேண்டும் என்று குப்பியிலேயே அச்சிடுமாறு அமெரிக்க அரசு 2005இல் அறிவுறுத்தியது. வெளியே இறங்குவதற்கு 15 நிமிடம் முன்பே, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கி, தாராளமாகப் பூச வேண்டியது அது. வெயிலில் இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். அடுக்குவோரின் வரிசையில் அது ஏழாவது. ஆறாவது காய்ந்து முடியும்போது மணி எட்டரை. இட்லியை நின்றபடி விழுங்கி, ஏழாவதைத் தொடாமலேயே, முந்திய இரவு அமிலம் பூசிய முகத்துடன் நூறடிச் சாலையில் இறங்கிவிடுகிறார். அச்சாலையில் நிழல் என்று இருப்பது 2015இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் மேம்பாலத்துக்கு அடியில் உள்ளது, அங்கே வண்டிகள் செல்கின்றன. பதினோரு பாட்டிலை விட்டுவிட்டு அந்த ஏழாவதை மட்டும் பூசினால் முகமும் தப்பும், குளியலறையும் தப்பும் என்று வீட்டில் ஒருவர்கூட எடுத்துச் சொல்லாதது தவறு.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. பேறுகாலத்துக்குப் பிறகு இவருடைய கன்னங்களில் மங்கு படர்ந்தது. அதற்கு அந்நாளில் மருந்துக்கடையில் சீட்டுக் கேட்காமல் கொடுத்த மூன்று மருந்துக் கூட்டுக் களிம்பை வாங்கிப் பூசினார். ஹைட்ரோகுவினோன் என்னும் நிறமகற்றி, ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் சேர்க்கும் வாய்பாடும் 1975இல் அதே கிளிக்மன் வகுத்ததுதான், ஆனால் அது மருத்துவர் கண்காணிப்பில் சில வாரம் பூசுவதற்கு உரியது. இரண்டு வாரத்தில் முகம் தெளிந்தது, உறவினர் புகழ்ந்தனர், இரண்டு ஆண்டு விடாமல் பூசினார். நிறுத்தியதும் முகம் சிவந்து, வெந்நீர் பட்டாலும் எரிந்து, மெலிந்த தோலுக்கடியில் இரத்தக் குழாய்கள் கோடிட்டன. இப்படி ஸ்டீராய்டால் கெட்ட முகங்களோடு வந்தவர்களைக் கண்டு சலித்த இந்தியத் தோல் மருத்துவர்கள் அமைப்பாகத் திரண்டு பல்லாண்டு முறையிட்டதன் பின், நடுவண் அரசு 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது. சீட்டுக் கேட்காத கடைகள் இன்றும் உள்ளன. அக்களிம்பு இன்றும் வெள்ளையாவதற்கென்று கைமாறுகிறது. எதையும் உடனே எதனோடும் சேர்க்க அஞ்சி இருபது நிமிடம் காத்து நிற்கும் வழக்கம் இவருக்கு அதன் பிறகு வந்தது.

நாத்தனார் மகள் ஒரு நாள், கல்லூரி விழாவுக்கு முந்திய இரவில், அத்தை உறங்கிய பின் சந்திரன் தட்டின் ஐந்து பாட்டிலையும் இடைவெளியே விடாமல் ஐந்து நிமிடத்தில் பூசிக்கொண்டாள். காலையில் கன்னம் சிவந்து வீங்கி, தண்ணீர் பட்டால் அழுதாள். அடுக்குவோர் கடிந்துகொள்ளவில்லை. அன்றே தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். எல்லாப் பாட்டிலையும் பையிலிட்டுப் பரணில் ஏற்றினார். மென்மையான கழுவல், மணமில்லாத ஈரக்களிம்பு, வெளியே போனால் சன்ஸ்கிரீன், வேறெதுவும் இல்லை என்று வைத்து, குளிர்ந்த துணியை ஒற்றியபடி இரவில் பக்கத்திலேயே படுத்தார். துணைக்காகத் தாமும் ஒன்றும் பூசவில்லை. அந்த ஒன்பது நாளும் ஆறரை மணிக்குக் குளியலறை திறந்தே கிடந்தது. மாமனார் முதல் நாள் ஐயத்துடன் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அமர்ந்தார், நான்காம் நாள், "என்னம்மா, உடம்புக்கு ஏதாவது செய்யறதா?" என்று மருமகளைக் கேட்டார்.

பத்தாம் நாள் பெண்ணின் முகம் தேறியது. பதினோராம் நாள் காலையில் கதவுக் குமிழில் துண்டு தொங்கியது. மாமனார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வரிவிளம்பரப் பக்கத்தை விரித்தார். செங்கல்பட்டுப் பக்கம் இரண்டு மனை புதிதாக வந்திருந்தது.