பீற்றாவும் பெரியப்பாவும்

யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். மகளுக்கு ஏன் இன்னும் சம்பந்தம் சரிவரவில்லை என்று கேட்கலாம். வீட்டுக் கடன் எவ்வளவு மிச்சம் என்றுகூடக் கேட்கலாம்; ரீ ஊற்றித் தந்துகொண்டே சொல்வார்கள். ஆனால் “நீங்கள் பாவிக்கிற பிறவுசர் எந்தப் பதிப்பு?” என்று கேட்டுப் பாருங்கள். ஆள் முழிப்பார். இன்ரநெற் வரும், இல்லாவிட்டால் வராது. அதற்குள் பதிப்பு என்று வேறொரு சங்கதியோ?

எங்கள் வீட்டில் அது பெரிய சங்கதி. பயர்பொக்ஸ் பலவிதமாக வெளிவருகிறது. அதில் நாலுவிதம் இந்த ஒரு வளவுக்குள் ஓடுகிறது. மனைவியிடம் ஊருக்கெல்லாம் வருகிற நிலையான பதிப்பு. என்னிடம் பீற்றா. முன்வீட்டுப் பெரியப்பாவிடம் ஈ.எஸ்.ஆர்., அதாவது வருடத்துக்கு ஒருக்கால் அளவில் மட்டும் பெரிதாக மாறுவது. கம்பஸில் கணினி படிக்கிற மருமகனிடம் நைற்லி. அது போதாதென்று குரோம் கனேரியையும் வைத்திருக்கிறான். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நச்சுவாயு இருக்கிறதா என்று அறியக் கொண்டுபோன குருவியின் பெயரைத்தான் கூகிள்காரர் அதற்கு வைத்திருக்கிறார்கள். குருவி விழுந்தால் ஆட்கள் திரும்பி ஓடலாம். இவ்வளவு வெளிப்படையாகப் பெயர் வைத்த பிறகும் அதைத் தேடி இறக்குகிறவனை என்ன செய்ய?

விசயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பயர்பொக்சைச் செய்கிற மொசில்லாவின் நிரலாளர்கள் எழுதுவதெல்லாம் முதலில் நைற்லிக்குள் விழும். அது ஒரு நாளைக்கு இரண்டு தரம் புதிதாகிறது. அங்கே சில கிழமை உருண்டு புரண்டு, பிறகு பீற்றாவுக்கு வந்து, அங்கும் சில கிழமை இருந்து, கடைசியில்தான் மனைவியின் கைக்கு வருகிறது. பழுதான பாகங்கள் வழியில் கழன்றுவிடும் என்பது நம்பிக்கை.

முன்னர் இந்த அவசரம் இருக்கவில்லை. 2004 நவம்பரில் பயர்பொக்ஸ் 1.0 வந்தது. நாலாம் பதிப்பு வர 2011 மார்ச் ஆனது. அதற்குப் பிறகு ஆறு கிழமைக்கு ஒன்று என்று தொடங்கினார்கள். அந்த வருடம் முடிவதற்குள்ளேயே ஒன்பதுக்குப் போய்விட்டார்கள். 2020 முதல் நாலு கிழமைக்கு ஒன்று. இப்போது இலக்கம் 140ஐயும் தாண்டிவிட்டது. இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது மனிசன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“முப்பத்தொரு வருசம் கச்சேரியிலை இருந்து எனக்கு மூண்டு புறமோசன். உவருக்கு மாசத்துக்கு ஒண்டோ?”

உலகத்தில் பெரியப்பாவைப் போன்றவர்கள் நிறையப் பேர். ஆறு கிழமைக்கு ஒருக்கால் எல்லாவற்றையும் மாற்றினால் நாங்கள் எப்படி வேலை செய்வது என்று பெரிய நிறுவனங்களும் கல்விக்கூடங்களும் முணுமுணுத்ததால்தான் 2012 ஜனவரியில் பத்தாம் பதிப்போடு ஈ.எஸ்.ஆர். பிறந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் ஒழுங்காக வரும். பொத்தான்கள் வைத்த இடத்திலேயே இருக்கும். பெரியப்பாவின் மேசைக் கணினியில் இன்னும் வின்டோஸ் 7. குரோம் 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. பயர்பொக்சும் 115 ஈ.எஸ்.ஆரோடு நிறுத்துவதாகச் சொல்லி, 2024 செப்டெம்பர் என்று நாளும் குறித்துவிட்டு, பிறகு அந்த நாளைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டது. பெரியப்பாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

“இதுதான்ரா தம்பி சேவை நீடிப்பு. திறமானவனுக்குத்தான் குடுப்பாங்கள்.”

மருமகன் வேறு சாதி. அவன் காலையில் எழும்பி முதலில் பார்ப்பது நைற்லி என்ன புதிதாகக் கொண்டுவந்தது என்பதை. சில நாள் தாவல்கள் இடம் மாறியிருக்கும். சில நாள் உலாவி திறந்த கையோடு மூடிக்கொள்ளும். ‘எபவுட்: கிராஷஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது, அந்தக் கணினியில் உலாவி எப்போதெப்போது விழுந்தது என்ற பட்டியல் அதில் வரும். வேறு பிள்ளைகள் சான்றிதழ் காட்டுகிற வயதில் இவன் வருகிறவர்களுக்கு அதைத்தான் காட்டுகிறான்.

ஒருமுறை மனைவி அவசரத்துக்கு அவனுடைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கப் போனாள். அந்த வங்கியின் பக்கம் நைற்லியின் இலக்கத்தைப் பார்த்தவுடன் கதவைப் பூட்டிவிட்டது.

“இஞ்சருங்கோ, உவன்ரை மெசினிலை வங்கிக்காரன் என்னை ஆரெண்டே தெரியாதெண்டுறான்.”

“மாமி, உங்கடை வங்கிதான் பிந்திப்போய் நிக்குது, நான் இல்லை.”

இரண்டு பேர் சொல்வதும் சரி. அதுதான் சிக்கல்.

இலக்கம் பெருப்பதால் வருகிற வில்லங்கம் கற்பனையல்ல. 2022இல் குரோமும் பயர்பொக்சும் 100ஐ எட்டப்போகிற நேரத்தில், இரண்டு இலக்கம் மட்டும் எதிர்பார்த்து எழுதப்பட்ட தளங்கள் மூன்று இலக்கத்தைக் கண்டு தடுமாறும் என்ற பயத்தில், இரண்டு பகுதியும் முன்கூட்டியே சோதனை வைத்தார்கள். பயர்பொக்ஸ் 100 மே 3ஆம் திகதி வந்தது. மின்வெட்டு மலிந்த அந்த நாட்களில் எங்களுக்குக் கரண்ட் வந்தாலே புதிய பதிப்பு வந்த மாதிரி. இலக்கத்தை ஆர் பார்த்தது?

புதியதில் ஏறினால் இறங்குவதும் லேசில்லை. 2019இல் வந்த 67ஆம் பதிப்பு முதல் நைற்லிக்கும் நிலையான பதிப்புக்கும் பாவிப்பவரின் அமைப்புகளை வைக்கத் தனித்தனிக் கோப்புறை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கலாம். ஆனால் புதியதில் திறந்த அதே கோப்புறையைப் பழையதில் திறக்கப் போனால், கனடாவில் இருந்து லீவுக்கு வந்த பிள்ளை கிணற்றடியில் குளிக்கமாட்டேன் என்று நிற்கிற மாதிரி நின்றுவிடும். ஆகவே ஒருவருக்கு நைற்லி போட்டுக் கொடுப்பதென்றால் தனியாகவே போடுங்கள். இருப்பதைப் புதுப்பிக்கிறேன் என்று தொடாதேயுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் ஏன் பீற்றாவில் இருக்கிறேன்? அது தமிழ் படித்துத் தொற்றிய பழக்கம்.

2007ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 வீதி அதற்கு முந்திய ஓகஸ்ட்டில் போரால் பூட்டப்பட்டிருந்தது. சவர்க்காரமும் சீனியும் கப்பலில் வந்தன. அப்போதுதான் தமிழில் வலைப்பூக்கள் பெருகிய காலம். ஊரைவிட்டுப் போனவர்களெல்லாம் எழுதினார்கள். நாங்கள் தொலைபேசி இணைப்பில் சொட்டுச் சொட்டாக இறக்கி வாசித்தோம். நிலையான பதிப்பு பயர்பொக்ஸ் 2. அதற்குத் தமிழோடு ஒரு தீராத பகை. பத்தியின் இரண்டு ஓரமும் நேராக வரும்படி எழுதியவர் ஒழுங்குபடுத்தியிருந்தால், அந்த உலாவி இடைவெளியைச் சொற்களுக்கிடையில் மட்டும் விடாமல் எழுத்துகளையே கழற்றிப்போட்டது. ‘கொ’ என்றால் கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம், நடுவில் ககரம் அநாதையாக நிற்கும். குற்று எந்த எழுத்துக்குரியது என்று தெரியாமல் அந்தரத்தில் தொங்கும். ஒழுங்காக எழுதினவரின் பக்கம்தான் கூடுதலாக உடைந்தது. ஏனோதானோ என்று இடது பக்கம் மட்டும் ஒட்டி எழுதினவர் தப்பிவிட்டார். ‘உங்கள் வார்ப்புருவில் இருந்து ஜஸ்டிபையை எடுத்துவிடுங்கள்’ என்று வாசகர்கள் கெஞ்சுவது அந்தக் காலத் தமிழ் வலையுலகின் ஒரு சடங்கு. இன்ரநெற் எக்ஸ்புளோரரில் இந்த உடைசல் இல்லை என்பதுதான் பெரிய மானக்கேடு.

மருந்து பீற்றாவில் இருந்தது. பயர்பொக்ஸ் 3க்காக எழுத்துகளை அடுக்குகிற பகுதியையே புதிதாக எழுதியிருந்தார்கள். எழுத்தெழுத்தாக வெட்டாமல், சொற்றொடரை முழுசாக வின்டோசிடம், லினக்சு என்றால் பாங்கோ என்ற எழுத்தடுக்கு நிரலிடம், கொடுத்து அடுக்கச் செய்தது அது. முதல் பீற்றா 2007 நவம்பரில் வந்தது. சில எம்பி கோப்பை இறக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். இடையில் யாராவது கோல் எடுத்தால் திரும்ப முதலில் இருந்து. இறக்கித் திறந்தால் கொம்பும் அரவும் ககரத்தோடு சமாதானமாகி நின்றன. சில நீட்சிகள் வேலை செய்யவில்லை, சில பக்கங்கள் கோணலாகத் தெரிந்தன. ஆருக்குக் கவலை? தமிழ் தமிழாக இருந்தது.

நிலையானது வரட்டும் என்று பொறுத்திருந்தவர்களுக்கு அது 2008 ஜூன் 17 மட்டும் வரவில்லை. வந்த அன்று 24 மணித்தியாலத்தில் 80 இலட்சம் தரத்துக்கு மேல் இறக்கப்பட்டு அது கின்னஸில் பதிவானது. அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. என்னிடம் ஏற்கெனவே இருந்தது. இப்படிச் சொல்லிக்கொள்கிற சந்தர்ப்பம் யாழ்ப்பாணத்தானுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. ஆகவே இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நிலையானது என்றால் விழாது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கதை. 2019 மே 4, எங்கள் நேரப்படி விடிய ஐந்தரை மணியளவில், பயர்பொக்ஸ் நீட்சிகளை உறுதிசெய்கிற ஓர் இடைநிலைச் சான்றிதழ் காலாவதியானது. உலகம் முழுக்க நீட்சிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்தச் சோதனையை நிறுத்திவைக்கிற ஒரு அமைப்பு நைற்லியில் வேலை செய்யும், நிரல் எழுதுகிறவர்களுக்கான டெவலப்பர் எடிஷனில் செய்யும், ஈ.எஸ்.ஆரிலும் செய்யும். நிலையான பதிப்பிலும் பீற்றாவிலும் மட்டும் செய்யாது. துள்ளுகிறவர்களும் தப்பலாம், அசையாதவர்களும் தப்பலாம்; நடுவில் நின்ற நல்ல பிள்ளைகள்தான் திருத்தம் வருமட்டும் விளம்பரத் தடுப்பி இல்லாமல் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மனைவிக்கும் எனக்கும் ஒரே கதி என்றால் அது அந்த விசயத்தில்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது. பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற, வங்கிக்குப் போகிற, பாஸ்போட் அலுவல் பார்க்கிற கணினியில் நிலையான பதிப்பை வையுங்கள். பெரியப்பாமாரின் கணினியில் ஈ.எஸ்.ஆரைப் போட்டுவிட்டு, பொத்தான் எங்கே போனது என்ற கோல் வராமல் நிம்மதியாக இருங்கள். ஆனால் வீட்டுக்கு ஒருவராவது பீற்றாவோ நைற்லியோ பாவிக்கத்தான் வேண்டும். ஒரு பிழை தமிழில் மட்டும் வருமென்றால், அதைத் தமிழ் வாசிக்கிறவன் கண்ணில் படுமட்டும் மொசில்லாவில் ஒருவருக்கும் தெரியவராது. நிலையான பதிப்பு வந்த பிறகு ‘ஐயோ எழுத்து உடையுதே’ என்று முகநூலில் புலம்பிப் பயனில்லை.

நைற்லியில் எங்காவது ஒரு கொம்பு கழன்று நிற்கக் கண்டால் படம் எடுத்து மொசில்லாவின் பிழைப் பதிவேடான பக்சில்லாவில் பதிந்துவிடுங்கள். கணக்குத் திறக்கக் காசு இல்லை. ஆங்கிலத்தில் எழுத வேண்டும்; இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.