விரட்டிப்போடாத கண்ணு, கட்டிப்போடு!

மனுவைக் குடுக்கறதுக்கு முன்னால, பொடக்காலியில ஓடற ஓவர்லாக் மிஷினைச் சித்த நிறுத்திப்போட்டு வா கண்ணு. சத்தம் ரோடு வரைக்கும் வருது. "நாங்கள் அமைதியாக வசிக்கும் குடியிருப்புப் பகுதி"ன்னு முதல் வரியில எழுதியிருக்கற. விசாரிக்க வர்ற ஆபீசரு உன்ற ஊட்டுத் திண்ணையில உக்காந்துதான் காப்பி குடிப்பாரு. அந்நேரம் பார்த்து உள்ளயிருந்து டெய்லர் பையன் வந்து, "அண்ணா, காலருக்கு ரிப் தீந்துபோச்சு, பீஸ் நிக்குது"ன்னு சொன்னான்னு வையி, உன்ற அமைதி அங்கியே அம்பேல்.

நான் குத்தம் சொல்லலை. நம்ம பெருமாநல்லூர்ல பாதித் தெரு அப்படித்தான். முன்னால வாசல், கோலம், துளசி. பின்னால தகரக் கொட்டாயி, நாலஞ்சு மிஷினு, ஒரு செக்கிங் டேபிள். கெவுருமெண்டு வரைபடத்துல அது மஞ்சக் கலரு, அதாவது ஊடு. ஊட்டுக்குள்ள எத்தனை குதிரைத்திறன் வரைக்கும் மோட்டார் ஓட்டலாம்னு விதியில ஒரு வரம்பு போட்டிருக்கறாங்க. நீ அதை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்ல. எண்ணிப் பாருன்னு பக்கத்து ஊட்டுக்காரனும் மனுக் குடுத்ததில்ல. அவன் பொடக்காலியிலயும் ஓடுதில்ல?

சரி, விசயத்துக்கு வாரேன். தெருவுக்குப் பின்னால இருக்கற காட்டை ஆசுபத்திரிக்காரரு கிரயம் பண்ணிட்டாரு. வண்டி நிறுத்தற இடமாப் போடப் போறாரு. நில உபயோக மாற்றம் கேட்டு எழுதிப் போட்டுட்டாரு. அதுக்குத் தெருவே சேந்து ஆட்சேபணை. ஆசுபத்திரி வேணாம்னு ஆராச்சும் சொன்னீங்களா? இல்லை. உன்ற மாமனாருக்கு நெஞ்சு வலின்னு ராத்திரி ரெண்டு மணிக்கு அங்கதான ஓடுன? கிட்டத்துல இருந்ததனால பொழச்சாருன்னு ஊரெல்லாம் சொன்ன. நல்லது. அன்னைக்கு உன்ற காரை எங்க நிறுத்துன? வாசப்படிக்கு நேரா, குறுக்கால. பின்னால வந்த ஆம்புலன்சுக்காரன் ஆரன் அடிச்சு அடிச்சுப் பார்த்தான். நீ சாவிய சோப்புல போட்டுக்கிட்டு உள்ள போயிட்ட.

ஆசுபத்திரி வேணும், டாக்டர் வேணும், வர்றவிய வண்டி மட்டும் ஆகாது. அவியள எல்லாம் அவிநாசியில எறங்கி நடந்து வரச் சொல்லிப்போடலாமா? சேலம்–கொச்சி பைபாஸ் ஒரு பக்கம், திருப்பூர்–கோபி ரோடு ஒரு பக்கம். ரெண்டும் நம்மூர்லதான் குறுக்கால வெட்டிக்குது. அடிபட்டவன் வருவான். நைட் சிப்டுல மயங்கி உழுந்த புள்ளையக் கம்பெனி வேன்ல தூக்கிட்டு வருவாங்க, பின்னாலயே கூட வேலை செய்யறவிய பைக்குல வருவாங்க. ஒரு பிரசவம்னா கேக்கவே வேணாம். கொங்கு நாட்டுல சீக்காளி தனியா வந்து நீ எப்பப் பார்த்த? ஒறம்பரை மூணு கார்ல வரும், தூக்குப்போசியில சோறு வரும், பாய் தலகாணி வரும்.

நம்மூருக் கொண்டத்துக் காளியம்மனுக்குக் குண்டம் இறங்கறப்ப என்ன நடக்குதுன்னு நெனச்சுப் பாரு. பங்குனியில ஊரே வண்டியா நிக்கும். காலிச் சைட்டு, களம், ரோட்டோரம், பள்ளிக்கோடத்துப் பக்கம், எங்கயும் கால் வெக்க எடமிருக்காது. அன்னைக்கு எவனாச்சும் நில உபயோகம் கேக்கறானா? சாமிக்குன்னா காட்டைத் திறந்து விடறம், சீக்காளிக்குன்னா சட்டப் பொஸ்தகத்தைத் திறக்கறம்.

சரி, பொஸ்தகத்தைத் திறக்கறதுன்னா ஒழுங்காத் திறப்பம். 2019-ல பிரதமர் மோடி நம்மூருக்கு வந்தாருல்ல, பிப்ரவரி 10-ந் தேதி? அந்த மேடையில இருந்துதான் திருப்பூருக்கு 100 படுக்கை ஈ.எஸ்.ஐ. ஆசுபத்திரிக்கு அடிக்கல் போட்டாரு. அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்குது. அதுக்கு ஆறு நாள் முன்னால, பிப்ரவரி 4-ந் தேதி, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்னு ஒண்ணு வந்துச்சு. அதை ஒருத்தனும் கண்டுக்கலை. மேடையில்ல, மைக் இல்ல, பிரியாணியும் இல்லாம வந்ததுனால இருக்கும். எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு இடம் வண்டிக்கு ஒதுக்கோணும்கற அட்டவணை அதுலதான் இருக்குது. ஒரு காருக்கு ரெண்டரை மீட்டர் அகலம், அஞ்சு மீட்டர் நீளம். பைக்குக்கு ஒரு மீட்டருக்கு ஒண்ணே முக்கால் சொச்சம். வண்டி உள்ள வர, திரும்ப, வெளிய போகத் தனி வழி. இதெல்லாம் சொந்த இடத்துக்குள்ள இருக்கோணும், உன்ற வாசல்ல இல்ல.

கட்டுத்தரை இல்லாம மாடு வாங்கற ஆளை நம்பக் கூடாது. வண்டி நிறுத்த இடம் கேக்கற ஆசுபத்திரிக்காரரு வெவரமானவரு, அவரோட பேசலாம். படத்துல மட்டும் அந்த இடத்தை வரைஞ்சுட்டுப் போறவருகிட்டதான் வெசனப்படோணும். அந்த ஆட்டம் எப்படின்னு சொல்றேன், கேட்டுக்க. பிளான்ல கீழ்த்தளம் பூராவும் கார் நிறுத்தற இடம், கட்டங்கட்டமா அழகாக் கோடு போட்டு, நம்பர் குடுத்திருக்கும். கையெழுத்து விழுந்துரும். முதல் வருசம் அங்க ஜெனரேட்டர் உக்காரும். அடுத்தாப்புல மருந்துக்கடை. பொறவு பழைய கட்டில், மெத்தை, ரிக்கார்டு மூட்டை. கடைசியில ஸ்கேன் ரூம், அதுக்கு ஏசி. காரெல்லாம் மேல ஏறி உன்ற தெருவுக்கு வந்துரும்.

தெருவுக்கு வந்தா ஆரன் சத்தத்தோட போச்சுன்னு நெனைக்காத. கல்கத்தாவுல டாக்குரியான்னு ஒரு பக்கம், அங்க ஏ.எம்.ஆர்.ஐ. ஆசுபத்திரி. 2011 டிசம்பர் 9-ந் தேதி, விடியறதுக்கு முன்னால கீழ்த்தளத்துல தீப்புடிச்சுது. அந்தக் கீழ்த்தளத்துக்கு அனுமதி வாங்குனது கார் நிறுத்தறதுக்கு. உள்ள இருந்ததோ எரியற சாமானுக குடோன். தீ மேல வரலை, புகைதான் போச்சு. எந்திரிச்சு நடக்க முடியாம கட்டில்ல கெடந்தவிய, மூச்சு முட்டிச் செத்தது தொண்ணூறு பேர்கிட்ட. அதுல ஒண்ணு கவனிக்கோணும் கண்ணு. புகையை முதல்ல பார்த்து ஓடி வந்தது பக்கத்துக் குடிசையில இருந்தவிய. "சின்ன விசயம்தான், போங்க போங்க"ன்னு வாச்மேனுக அவியளத் திருப்பி அனுப்பிச்சாங்க. பொறவு அதே சனங்கதான் உள்ள பூந்து ஆளுகளைத் தூக்கி வெளிய கொண்டாந்தது. அந்தச் செவுத்துக்கு இந்தப் பக்கம் ஆரு குடியிருக்கறாங்கன்னு ஆசுபத்திரிக்காரரும் தெரிஞ்சு வெச்சிருக்கோணும், செவுத்துக்கு அந்தப் பக்கம் என்ன வெச்சிருக்கறாருன்னு நீயும் தெரிஞ்சு வெச்சிருக்கோணும்.

அதனால மனுவுல "வேணாம்"ங்கற வார்த்தையை அடிச்சுப்போடு. வேணாம்னு எழுதுனா என்ன நடக்கும்? ஒண்ணு, ஆபீசரு உன்ற காகிதத்தைத் தள்ளி வெச்சுட்டுக் கையெழுத்துப் போடுவாரு. இல்லைன்னா ஆசுபத்திரிக்காரவிய அனுமதி கேக்கறதையே உட்டுட்டு, காட்டுல நாலு லோடு கிராவல் கொட்டி வண்டிய நிறுத்த ஆரம்பிச்சுருவாங்க. நம்ம நாட்டுல அதுக்கும் வழி இருக்குது. அனுமதியில்லாமக் கட்டுனதைப் பணம் கட்டி முறைப்படுத்திக்கலாம்னு 1998-ல நகர் ஊரமைப்புச் சட்டத்துல ஒரு பிரிவைச் சொருகுனாங்க, 113-ஏ. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு, 2000-ல தீர்ப்பு வந்துச்சு. ஒரு தடவைதான்னு சொல்லிட்டுக் கெடுவ நீட்டி நீட்டிப் பார்த்தாங்க, ஐகோர்ட்டு அதை வெட்டுச்சு. பார்த்தா 2012-ல 113-சி. கேட்டுட்டுச் செய்யறவனுக்கு நடை, கேக்காமச் செஞ்சவனுக்கு ரசீது. உன்ற முன்னால ஒருத்தரு கேட்டுக்கிட்டு நிக்கறப்பவே அவரைக் கட்டிப்போடறதுதான் புத்திசாலித்தனம்.

எப்படிக் கட்டறது? சர்வே நம்பரைக் கொண்டுபோய் அந்தக் காடு முழுமைத் திட்டத்துக்குள்ள, அதாவது மாஸ்டர் பிளானுக்குள்ள வருதா, வெளிய நிக்குதான்னு முதல்ல கேளு. உள்ளன்னா 1971-ம் வருசத்து நகர் ஊரமைப்புச் சட்டம், 32-வது பிரிவு; ஆட்சேபணை கேட்டு விளம்பரம் வரும். வெளிய விவசாயக் காடுன்னா கலெக்டர் இசைவு வரைக்கும் போயாகோணும். எதுவா இருந்தாலும் படத்துக்கு நகல் கேளு. குடுக்கலைன்னா தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூவா, முப்பது நாள். நீ ஒரு டீக்கும் வடைக்கும் குடுக்கறதை விடக் கம்மி. கிராம சபை வருசத்துக்கு ஆறு தடவை கூடுது, அங்க எந்திரிச்சு நின்னு கேட்டுத் தீர்மானத்துல ஏத்து. ஆகஸ்டு 15-ந் தேதி போய் முட்டாயி வாங்கிட்டு, "ஒண்ணும் நடக்கறதில்ல"ன்னு திரும்பி வர்ற கூட்டத்துல நீயும் ஒருத்தன், எனக்குத் தெரியும்.

எழுதறதை இப்படி எழுது. வண்டி உள்ள வர்ற கேட்டும் வெளிய போற கேட்டும் மெயின் ரோட்டுப் பக்கம். நம்ம சந்துப் பக்கம் கேட்டே கூடாது, சின்னதாக்கூட. "அவசரத்துக்கு மட்டும்"னு ஒரு கேட்டு வெப்பாங்க, அது ஆறு மாசத்துல எல்லாத்துக்கும் ஆயிரும். நம்ம பக்கம் ஆள் உசரத்துக்கு மேல செவுரு, செவுத்துக்கு உள்பக்கம் வேம்பும் புங்கனும். வெளக்குத் தரையப் பார்த்து இருக்கோணும், உன்ற படுக்கை ரூம் சன்னலப் பார்த்து இல்ல. மழைத் தண்ணி எங்க போகுதுன்னு படத்துல அம்புக்குறி போட்டுக் காட்டோணும். காடு பூராவும் காங்கிரீட்டப் போட்டா, ஐப்பசி மழைக்குத் தண்ணி நம்ம சந்துக்குத்தான் வரும், கிணத்துக்குப் போகாது. ஜெனரேட்டர் நம்ம செவுத்தோரம் வரக்கூடாது.

சத்தத்துக்கும் கணக்கு இருக்குது. 2000-ம் வருசத்து ஒலி மாசு விதியில குடியிருப்புக்குப் பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. ஆசுபத்திரியைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம்னு அறிவிச்சா 50, 40. பாரு, சீக்காளிக்கோசரம் போட்ட விதி சும்மா நமக்கும் நிழல் குடுக்குது. "உங்க ஆசுபத்திரிக்கு அமைதி மண்டலம் நாங்களே கேட்டு வாங்கித் தர்றம்"னு போய்ச் சொல்லு. வேணாம்னு அவராலயும் சொல்ல முடியாது. அப்பறம் அவரு வாச்மேனே ஆரன் அடிக்கறவனைத் தொரத்துவான். ஆனா ஒண்ணு, அமைதி மண்டலம் வந்துச்சுன்னா உன்ற மிஷினையும் ஆராச்சும் அளப்பாங்க. அதை ரோசனை பண்ணிட்டுப் போ.

கடைசியா இதைத் தனி வரியா எழுது: வருசத்துக்கு ஒருக்கா ஊர்ல ரெண்டு பேரு உள்ள போயி, வண்டி நிறுத்தற இடத்துல வண்டிதான் நிக்குதான்னு பார்க்க விடோணும். சட்டத்துல அப்படி இருக்குதான்னு அவரு கேப்பாரு. இல்லைன்னாலும் ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அவரு நல்ல மனுசன். போடலைன்னா அந்த இடத்துல என்ன வரப் போகுதுன்னு உனக்கு இப்பவே தெரிஞ்சுபோச்சு.

ஜப்பான்ல கார் வாங்கறதுக்கே நிறுத்த இடம் இருக்குதுன்னு போலீசு டேசன்ல சான்று வாங்கோணுமாம், 1962-லயே சட்டம். அது இங்க வந்துச்சுன்னா முதல் ஆளா மாட்டறது நீதான். ரெண்டு காரு, ஒரு டெம்போ, மூணும் ராத்திரி பூரா பஞ்சாயத்து ரோட்டுல. தொட்டியில தண்ணி திறக்க வர்றவன் சைக்கிளத் தூக்கிக்கிட்டுப் போறான்.

இந்த ஊருக்குக் கேக்கத் தெரியாதுன்னு ஆரும் சொல்ல முடியாது. 1970 ஜூன்ல கரண்டு கட்டணத்துக்கோசரம் விவசாயிக ரோட்டுக்கு வந்து, இங்க துப்பாக்கிச் சூட்டுல மூணு பேரு செத்தாங்க. ஒரு யூனிட்டுக்குக் காசுக் கணக்குலதான் சண்டை, ஆனா என்ன வேணும்னு அவியளுக்குத் தெளிவாத் தெரிஞ்சிருந்துச்சு. உன்ற மனுவுல நாலு பக்கம் இருக்குது, என்ன வேணும்னு ஒரு வரி இல்லை. "மன உளைச்சல்"னு மட்டும் மூணு இடத்துல வருது.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல குறைதீர்க்கும் நாள். வெரசாப் போயி வரிசையில நில்லு, வக்கீலைக் கூட்டிட்டுப் போகாத, பக்கத்து ஊட்டு ஆத்தாளக் கூட்டிட்டுப் போ. அவ பேசுனா எல்லாருக்கும் கேக்கும். ஆசுபத்திரிக்காரரையும் ஒருக்கா ஊட்டுக்கு வரச் சொல்லிப் பேசு. ஆனா அதுக்கெல்லாம் முன்னால ஒரு சோலி இருக்குது. காரு ஏறறதுக்குன்னு ஊட்டு முன்னால ரோட்டுல இறக்கிக் கட்டியிருக்கற பாரு, அந்தச் சாய்வு. இடத்தைப் பார்க்க சர்வேயரு வந்தா சங்கிலிய முதல்ல அதுலதான் போடுவாரு. ரெண்டடி ரோட்டுல இருக்குது, நான் அளந்துட்டேன். ஞாயித்துக்கிழமையே பேத்துப்போடு. கடப்பாரை என்ற ஊட்டுல இருக்குது, வந்து எடுத்துக்க. ஆள் கூலி உன்றது.