தேக்கடிக்குப் போகும் வழியில் ஒரு மாடி

கம்பத்தில் எங்கள் வீட்டு மாடியை நாள் வாடகைக்கு விடுகிறோம். வந்து தங்குகிற யாரும் கம்பத்தைப் பார்க்க வருவதில்லை. எல்லோரும் தேக்கடிக்குப் போகிறவர்கள். சீசன் நேரத்தில் குமுளி ரூம் வாடகையைக் கேட்டு மிரண்டு, மலைக்கு இந்தப் பக்கமே தலையைச் சாய்க்க இடம் தேடுகிறவர்கள். ராத்திரி பத்து மணிக்கு வந்து, காலையில் வாயில் இட்லியோடு வண்டியேறிவிடுவார்கள். அந்த இடைவெளிக்குள் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே என் மனைவிக்குத் தொண்டை வறண்டது. "எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி மேல வச்சிருங்க. வெந்நீருக்கு எந்தக் குழாயத் திருகணும்னு பதினோரு மணிக்கு எனக்குப் போன் வரக்கூடாது" என்றாள்.

அப்படித்தான் நான் நூலாசிரியன் ஆனேன்.

முதல் பக்கம் வைஃபை பாஸ்வேர்டு. தமிழில் எழுதுகிற எவருக்கும் வாய்க்காத பாக்கியம் அந்தப் பக்கத்துக்கு. கையில் எடுத்த அத்தனை பேரும் படித்திருக்கிறார்கள், சிலர் மனப்பாடமாகவே. இரண்டாம் பக்கம் சாப்பாடு. பரோட்டாவுக்கு எந்தக் கடை என்று எழுதப் போனதில் குடும்பம் இரண்டுபட்டது. ஒரு கடை மச்சானின் கூட்டாளி நடத்துவது, இன்னொன்று எங்கள் மளிகைக்காரர் தம்பியுடையது. ஒன்றை எழுதினால் மற்றவர் முகத்தில் எப்படி முழிப்பது? 'சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கொத்து பரோட்டாக் கல் தட்டும் சத்தம் கேட்கும். கூட்டம் நிற்கிற கடையில் சாப்பிடவும்' என்று எழுதித் தப்பித்தேன்.

சுருளி அருவிக்குத்தான் பேனா ஓடவில்லை. 'தண்ணி விழுதா?' என்று கேட்காத விருந்தாளி இல்லை. மழை இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. மழை பெய்தால் வெள்ளம் என்று வனத்துறை தடை போடும். இரண்டும் அளவாக அமைந்தால் யானை நிற்கிறது என்று தடை. மூன்றுக்கும் நடுவில் ஒரு சந்து கிடைக்கிற நாள் ஆடி அமாவாசையாகவோ தை அமாவாசையாகவோ இருந்துவிட்டால், மாவட்டமே தர்ப்பணம் கொடுக்க அங்கே நிற்கும். யோசித்து யோசித்து, 'கிளம்பும் முன் கீழே வந்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்' என்று எழுதினேன். மனைவி வாசித்துப் பார்த்தாள். "கேக்கக் கூடாதுன்னுதானே நோட்டே போட்டோம்?"

அடுத்தது சத்தம். 'விடிகாலையில் தெருவில் ஹார்னும் ஆள் பேர் சொல்லிக் கூப்பிடும் கூச்சலும் கேட்டால் சண்டை என்று நினைக்க வேண்டாம். ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்.' சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி என்று பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். கம்பமெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் தூக்கம் கெட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். நீங்கள் சாப்பிட்ட பாயசத்தில் மணக்கிற ஏலக்காய்க்கு இந்த ஹார்னும் சேர்த்திதான் சார் என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

திராட்சைக்கு முழுப் பக்கம் ஒதுக்கினேன். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த பன்னீர் திராட்சை, 2023-ல் கம்பத்தின் பேரில் புவிசார் குறியீடு வாங்கியது. வருஷம் முழுக்கக் காய்க்கும். விருந்தாளிகள் அதை வாயில் போட்டுக்கொண்டு 'சீட்லெஸ் இல்லையா?' என்று கேட்பார்கள். குறியீடு கொடுத்தவர்கள் இதற்கும் ஒரு தண்டனை வைத்திருக்கலாம். அந்தப் பக்கத்தில் நிஜமாகவே உதவுகிற வரி ஒன்றுதான்: 'பந்தலில் பறித்து அப்படியே தின்ன வேண்டாம்.' இலையிலும் குலையிலும் வெளிர்நீலமாகத் திட்டுத் திட்டாய்ப் படிந்திருப்பது பனி இல்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த மருந்து. அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துவிட்டு, 'இயற்கை' என்று பேர் போடுகிறார்கள்.

நான் ஆசைப்பட்டு எழுதியது தண்ணீர்ப் பக்கம். தேக்கடியில் டிக்கெட் வாங்கிப் படகிலிருந்து இவர்கள் பார்க்கும் ஏரி, பென்னிகுவிக் 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையில் தேங்கிய தண்ணீர். மேற்குக் கடலுக்குப் போக வேண்டியதை மறித்து, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அது லோயர் கேம்பில் இறங்கி, மின்சாரம் கொடுத்து, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நெல்லுக்குப் பாய்ந்து, மிச்சம் வைகை அணைக்குப் போகிறது. அதே தண்ணீரைச் சுருளிப்பட்டி ரோட்டுப் பாலத்தில் நின்று ஓசியில் பார்க்கலாம் என்று எழுதினேன். இதுவரை ஒருத்தரும் போகவில்லை. டிக்கெட் இல்லாத இடத்தின் மேல் மனிதருக்கு நம்பிக்கை வருவதில்லை. டீக்கடைச் சுவரில் சாமி படங்களுக்கு நடுவே மாட்டியிருந்த பென்னிகுவிக்கைப் பார்த்து, "ஓனரோட தாத்தாவா?" என்று கேட்ட கோயம்புத்தூர்க்காரரை மட்டும், லோயர் கேம்ப் மணிமண்டபத்தைப் பார்க்காமல் மலையேறக் கூடாது என்று சத்தியம் வாங்கி அனுப்பினேன்.

அரிக்கொம்பன் பக்கத்தில் கத்திரி விழுந்தது. சின்னக்கானலில் ரேஷன் கடை அரிசியைத் தின்று பேர் வாங்கிய அந்த யானையை 2023 ஏப்ரல் கடைசியில் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மே 27 அன்று அது எங்கள் ஊர்த் தெருவில் நடந்துபோனது. 144 போட்டார்கள். ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். தேக்கடிப் பக்கம் இலவசமாக இடம் கொடுத்தும் தங்காமல், தானாகப் பிரியப்பட்டுக் கம்பத்துக்கு இறங்கி வந்த ஒரே விருந்தாளி அதுதான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். "அதுல ஒரு உயிர் போயிருக்கு. சிரிப்புக் காட்டாதீங்க" என்றாள் மனைவி. அவள் சொன்னது சரி. இப்போது அந்தப் பக்கத்தில் 'இருட்டிய பிறகு தோட்டத்துப் பக்கம் போக வேண்டாம்' என்பது மட்டும் இருக்கிறது.

கையேட்டில் இல்லாத ஒன்றுக்குத்தான் இப்போது கிராக்கி. சுருளியில் தடை போட்ட ஒரு நாள், முகம் வாடி நின்ற சென்னைக் குடும்பத்தை அம்மா, "எதுக்குய்யா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக, எங்க தம்பி தோட்டத்துல மோட்டார் ஓடுது, போயிக் குளிங்க" என்று அனுப்பிவைத்தாள். பம்புசெட் தொட்டியில் இறங்கியவர்கள் மத்தியானம்வரை ஏறவில்லை. அன்றைக்குத் தேக்கடிப் படகையே விட்டுவிட்டார்கள். அவர்கள் சொல்லி வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மோட்டாரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். போன வாரம் மாமா நேரில் வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் எழுதியிருக்க மாப்ளே. நம்ம தோட்டத்தையும் போட்டுரு. மும்முனை கரண்டு எப்ப வரும்னு என்னையக் கேக்கக் கூடாது, சோப்புப் போடக் கூடாது, தண்ணி கொடிக்குப் போகுது. இத மட்டும் பெரிய எழுத்துல எழுது."