கணினி நீர்ச்சுற்றில் குழாயும் ஃபிட்டிங்கும் தெரிவு செய்யும் முறைமை: ஓர் ஆராய்ச்சி

கணினியின் ப்ராசஸரைத் தண்ணீரால் குளிர்விப்போர் உலகில் சிலர். அந்தச் சிலரும் தமக்குள் ஒத்துப்போகிறவர்கள் இல்லை. பம்ப் எது, ரேடியேட்டர் எது என்பதில் ஒரு மாலைப் பொழுதுக்குள் உடன்பாடு கண்டுவிடுவார்கள். குழாய் எது என்று வந்துவிட்டால் பேச்சு விடியும்வரை போகும். இவ்வளவு பூசல் மலிந்த துறைக்கு முறையான ஆராய்ச்சி ஒன்று இல்லாதது குறையே. அதைத் தீர்க்க வந்தது இக்கட்டுரை. அற்றேல், எந்தக் குழாயிலும் தண்ணீர் ஓடத்தானே செய்யும், இதற்கு ஆராய்ச்சி எதற்கு எனின், அதற்கு விடை சொன்னால் கட்டுரை இங்கேயே படுத்துவிடும். ஆகவே சற்றுத் தள்ளிவைக்கிறோம்.

முதலில் முன்னோர். 1980-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 3081 பெருங்கணினி தண்ணீரால் குளிர்ந்தது. குழாய் போடுவது ஐபிஎம் பொறியாளர் பாடு. வீட்டுக் கணினிக்கு இந்த ஆசை இறங்கி வந்தது 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அன்றைய அமெரிக்க ஆர்வலர்கள் மீன்தொட்டி பம்பை எடுத்தார்கள். 1977-ஆம் ஆண்டு போன்டியாக் போன்வில் காரின் ஹீட்டர் கோரைக் கழற்றி ரேடியேட்டர் ஆக்கினார்கள். ஹார்டுவேர் கடைக் குழாயை மாட்டி, திருகு கிளிப் போட்டு முறுக்கினார்கள். கணினிகள் குளிர்ந்தன. நம் ஆராய்ச்சிக்கு இது இடைஞ்சலான செய்தி என்பதால் விரைந்து கடப்போம்.

இன்று இத்துறையில் இரு சமயங்கள் உள. சாஃப்ட் ட்யூப் எனும் நெகிழ்குழாயைக் கைக்கொண்டோர் வெட்டி, வளைத்து, செருகி, இரவுச் சாப்பாட்டுக்கு முன் எழுந்துவிடுவார்கள். ஹார்ட் ட்யூப் எனும் வன்குழாயைக் கைக்கொண்டோர் குழாய்க்குள் சிலிகான் கயிற்றை நுழைத்து, ஹீட் கன்னால் வாட்டி, 90 டிகிரிக்கு மடக்கி, அது 87-இல் நின்றுவிட்டதைக் கண்டு அடுத்த குழாயை எடுப்பார்கள். இவர்களுக்குள்ளும் உட்பிரிவு உண்டு: அக்ரிலிக், பெட்ஜி என இரு பிளாஸ்டிக். அக்ரிலிக் சூடு தாங்கும். ரம்பம் பிசகினால் தெறிக்கும், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் மயிரிழை விரிசல் விடும். பெட்ஜி வெட்டுக்கும் வளைப்புக்கும் பணியும். ஆனால் 60 டிகிரிக்கு மேல் போகாதீர்கள் என்று விற்பவர்களே சொல்கிறார்கள். ஏசி இல்லாத சென்னை அறையில், மே மாத மதியம், காற்றே 37 டிகிரி. ரேடியேட்டர் தண்ணீரைக் காற்றைவிடக் குளிரவைக்காது. வேலைப்பளுவில் பத்துப் பன்னிரண்டு டிகிரி மேலே ஏறும். இன்னும் பத்து டிகிரி கையிருப்பு உண்டே என்பார் பெட்ஜிக்காரர். உண்டு, பம்ப் ஓடும்வரை. பம்ப் நின்றால், ப்ராசஸர்மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் ப்ளாக்கில் தேங்கிய தண்ணீர் சூடேறி, இணைப்பான ஃபிட்டிங்கின் வாயிலேயே குழாய் இளகி நழுவும். கண்ணாடிக் குழாய்க்காரர்களும் இருக்கிறார்கள். வீட்டில் கண்ணாடியை வளைக்க முடியாதாகையால், ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு ஃபிட்டிங் வாங்குவது அவர்கள் ஒழுக்கம்.

அடுத்தது உள்விட்டப் பூசல். 10 மி.மீ. போதும் என்பார் ஒரு சாரார். 13 இல்லையேல் ஓட்டம் திணறும் என்பார் மறுசாரார். இவர்கள் சாட்சிக்கு அழைப்பது ப்வாஸேய் என்ற பிரெஞ்சு மருத்துவரை. நாளங்களில் இரத்தம் ஓடும் விதத்தை அறிய, நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் திரவத்தை ஓட்டிப் பார்த்தவர் அவர். ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறும் என்று 1840-களில் காட்டினார். 13-ஐ 10-ஆல் வகுத்து நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் 2.86. ஏறத்தாழ மூன்று மடங்கு! இந்தக் கணக்கைக் கண்டு பலர் 13-க்கு மதம் மாறியிருக்கிறார்கள்.

அது பொருந்தாது. என்னை? ப்வாஸேயின் விதி, அடுக்கடுக்காக அமைதியாய் நகரும் ஓட்டத்துக்கு உரியது. நிமிடத்துக்கு 4 லிட்டர் வீதம் 10 மி.மீ. குழாயில் போகும் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 85 செ.மீ.; ஓட்டம் அமைதியா கொந்தளிப்பா என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் அங்கே பத்தாயிரத்தைத் தொட்டுவிடும். அது கொந்தளிப்பு ஓட்டம். தவிர, தண்ணீர் திணறுவது குழாயிலா? ப்ளாக்குக்குள், அரை மி.மீ.க்கும் குறுகிய செதில் இடுக்குகளில். அங்கே பறிபோகும் அழுத்தத்தின் முன் ஒன்றரை மீட்டர் குழாய் தின்பது சில்லறை. எதற்கு அடுத்து எதை மாட்டுவது என்ற வரிசை வாதமும் இப்படியே. ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து 400 வாட் கொட்டினாலும், அதே 4 லிட்டர் ஓட்டத்தில், சுற்றின் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் ஒன்றரை டிகிரி வேறுபாடுகூட இல்லை.

முன்பு தள்ளிவைத்த விடை இதுதான். குளிர்ச்சியைக் கேட்டால், குழாய்த் தெரிவு ஒரு பொருட்டே இல்லை. ஆராய்ச்சி இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆயினும் நனைவது பற்றி நாம் இன்னும் பேசத் தொடங்கவே இல்லை.

ஃபிட்டிங் உட்காரும் மரைக்கு ஜி 1/4 என்று பெயர். கால் அங்குலம் என்றால் 6.35 மி.மீ.; மரையை அளந்தால் வெளிவிட்டம் 13.157 மி.மீ. பழைய இரும்புக் குழாயின் உள்துளையை வைத்து இட்ட பெயர், குழாய் போன பின்னும் மரையில் தங்கிவிட்டது. இந்த மரைப் புரியின் 55 டிகிரிக் கோணம் 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்மொழிந்தது. ஆக, ஜொலிக்கும் விளக்குகளுக்கு நடுவே விக்டோரியா காலத்து மரை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இது நேர்மரை, கூம்பாது, தானாகத் தண்ணீரை அடைக்காது. பிளம்பர் பழக்கத்தில் டெஃப்லான் டேப் சுற்றுவோர் சுற்றலாம், பலன் இல்லை. அடைப்பது கழுத்தில் கிடக்கும் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் மட்டுமே. அது அமுங்கும்வரை கையால் திருகினால் போதும். ஸ்பேனர் எடுத்து வீரம் காட்டினால் அக்ரிலிக் ப்ளாக் விரியும்.

வன்குழாய் ஃபிட்டிங்கைச் சற்றுக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். நெகிழ்குழாய்க்கு முள்முனை உண்டு, அதன்மேல் குழாயை ஏற்றி, காலரை இறுக்கிவிட்டால் பிடித்துக்கொள்ளும். வன்குழாய்க்குப் பிடி என்று பெரிதாக எதுவும் இல்லை; உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள்தான் அணைத்து வைத்திருக்கின்றன. வெட்டிய குழாயின் விளிம்பை உருட்டித் தேய்க்காமல் உள்ளே தள்ளினால், கறுப்பு வளையத்திலிருந்து நூல் போல ஓர் இழை சீவப்பட்டு வெளியே எட்டிப் பார்க்கும். அந்த இழையைக் கண்டும் தண்ணீர் ஊற்றுபவரை இந்த ஆராய்ச்சி காப்பாற்றாது. 16 மி.மீ. குழாயும் 5/8 அங்குலக் குழாயும் ஒன்றே என்று கடைக்காரர் சொல்வதும் இவ்வகையே. 5/8 அங்குலம் 15.875 மி.மீ.; விடுபட்ட 0.125 மி.மீ. தண்ணீருக்குத் தாராளம்.

இனி, அஞ்சத் தக்கது ஒன்று உண்டு. கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூப் இருக்கிறதே, அந்தத் தெளிந்த பிவிசிதான் நெகிழ்குழாய்களில் பெரும்பாலானவற்றின் உடல். பிவிசி இயல்பில் விறைப்பானது; அதை இளக்கி வைத்திருப்பது பிளாஸ்டிசைசர். வெதுவெதுப்பான தண்ணீர் மாதக்கணக்கில் சுற்றச் சுற்ற, அது மெல்லக் கசிந்து, குழாயை மங்கவைத்து, வழுவழுப்பான வெள்ளைப் பிசினாகப் போய்ச் சேருமிடம் அந்த அரை மி.மீ. இடுக்கு. குழாயின் விட்டம் செய்யாத கேட்டை அதன் உடம்பு செய்துவிடும். ஆகவே இவ்வாசிரியன் துணிபு இபிடிஎம் ரப்பர், 10/16 அளவு, அதாவது உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. கார் ரேடியேட்டர் ஹோஸும் இந்தச் சாதியே. சுவர் 3 மி.மீ. தடிமன் என்பதால் மடியாமல் வளையும். 10/13-இன் ஒன்றரை மி.மீ. சுவர் திருப்பத்தில் சப்பிப் போகும். ஃபிட்டிங் நிக்கல் பூசிய பித்தளை, அதே 10/16 கம்ப்ரெஷன், ஒரே தயாரிப்பாளருடையது. அலுமினியம் கூடாது, செம்போடு ஒரே தண்ணீரில் இருந்தால் அரிபடுவது அலுமினியம்தான்.

செலவுக் கணக்கும் சொல்ல வேண்டும். ப்ராசஸர் ப்ளாக், கிராஃபிக்ஸ் ப்ளாக், ரேடியேட்டர் இரண்டு, பம்பும் தொட்டியும் சேர்ந்த ஒன்று: ஐந்து பொருள், தலைக்கு இரண்டு வாய், பத்து ஃபிட்டிங். திருப்பத்துக்குச் சில ரோட்டரி ஃபிட்டிங். தண்ணீரை வடிக்கத் தாழ்ந்த இடத்தில் மூன்று வாய் கொண்ட டீ இணைப்பு ஒன்று, ஒரு வால்வு, அவற்றுக்கும் ஃபிட்டிங். இபிடிஎம் கறுப்புக் குழாயாயிற்றே, தண்ணீர் ஓடுவதே தெரியாதே, கண்ணாடிக் கதவு போட்ட கேபினெட் வாங்கியது வீண்தானே எனின், வீணன்று. உள்ளே சின்னச் சக்கரம் சுழலும் ஃப்ளோ இண்டிகேட்டர் தனியாக விற்கிறார்கள். அதற்கு இரண்டு ஃபிட்டிங் வேண்டும்.