உரிமை சுவரில், கடமை வாசலில்

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் சாசனத்தில் உரிமைகள் 17, கடமைகளும் உண்டு. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால்காரர் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் உரிமையைச் சுவரில் படிக்கலாம், கடமையை வாட்ச்மேன் சொல்வார்: "ஒரு ஆள்தாம்மா இருக்கணும்!"

சிகிச்சை விவரம் கேட்பது உரிமை. ஆனால் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரம் பார்த்துத்தான் அம்மாவை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்புவார்கள்.

சொந்தபந்தம் மட்டும் லேசா? பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, "அப்படியே புள்ளையையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று எட்டுப் பேர் வருவார்கள். வாட்ச்மேனுக்கு விபூதி, டிரிப்ஸ் ஏறும் பிள்ளைக்குப் புளியோதரை.

சாசனம் எழுதியவர்கள் பிள்ளையைக் கேட்டிருந்தால் இன்னொன்றும் சேர்ந்திருக்கும்: கட்டிலில் சம்மணம் போட்ட பெரியப்பாவை எழுப்பும் உரிமை.