எடை ஏற்றும் கலை

அங்கன்வாடி அக்கா குழந்தையைத் தராசில் வைக்கிறார். எடையை போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுகிறார். தடுப்பூசி நாளில் கிராம சுகாதாரச் செவிலியர் அதே குழந்தையை மறுபடி தூக்கிவைத்துத் தம் பதிவில் ஏற்றுகிறார். குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. வேன் வந்தால் அந்த டாக்டரும் ஏற்றுகிறார். இத்தனை பேர் ஏற்றியும் எடை ஏறுவேனா என்கிறது. பிடிவாதக்காரக் குழந்தை!

அங்கன்வாடியை நடத்தும் திட்டத்தின் பெயர் 'ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள்'. 1975 அக்டோபர் 2 முதல் ஒருங்கிணைந்துகொண்டே இருக்கிறார்கள். அங்கன்வாடி சமூக நலத்துறைக்குச் சொந்தம், செவிலியர் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு. தெருமுனையில் பார்த்தால் இரண்டு பெண்களும் நின்று பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் செயலிகளுக்குத்தான் பேச்சுவார்த்தை இல்லை. இரவு எட்டு மணிக்கு சிக்னல் தேடி மொட்டை மாடி ஏறும் அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபம், அவர்களை மாடி ஏற்றிவிட்டுக் கீழே ஏசி அறையில் பவர்பாயிண்ட் ஓட்டுகிறவர்கள்மேல்.

இந்தக் குழந்தைக்கு இரண்டரை வயது, இன்னும் கழுத்து நிற்கவில்லை. வயிற்றில் இருந்தபோதே கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்கியாயிற்று. பெயர் அப்புறம்தான் வந்தது. மாவட்டத் தலைநகருக்குப் போ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே கை கால் பயிற்சி ஒரு நாள், காது பரிசோதனை வேறொரு நாள், மாற்றுத்திறனாளி அட்டைக்குக் கையெழுத்துப் போடும் டாக்டர் இன்னொரு நாள். பராமரிப்பு உதவித்தொகை வேறு துறை, வேறு கட்டடம். ஒருவர் எழுதியது அடுத்தவருக்குத் தெரிய ஒரே வழி, அம்மா எடுத்துவரும் ஜெராக்ஸ். போகிற ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலி போச்சு. அது எந்தச் செயலியிலும் ஏறாது.

ஒருங்கிணைப்புக் கூட்டம் நடக்காமல் இல்லை. 'சம்பந்தப்பட்ட துறைகள் இணைந்து செயல்பட அறிவுறுத்தப்பட்டது' என்று குறிப்பு எழுதுவார்கள். போன கூட்டத்துக் குறிப்பில் தேதியை மாற்றினால் போதும். எல்லாத் துறைக்கும் பாகுபாடின்றிப் போய்ச்சேருவது அங்கே முந்திரி பிஸ்கட் ஒன்றுதான்.

அவள் கடைசி பஸ்ஸில் திரும்புகிறாள். இடுப்பில் குழந்தை, தோளில் காகிதம் பிதுங்கும் மஞ்சப்பை. அடுத்த முறை எடை போடும்போது அந்தப் பையையும் சேர்த்துத் தராசில் வையுங்கள், ஐயாமார்களே. எடை ஏறியிருக்கும், உங்கள் திரையிலும் பச்சை எரியும்.